ஒரு பாயின்ட் தப்பா போட்டா மொத்தமும் காலியா? - டயாப்ளோ கேம்களில் மாறிக்கொண்டே இருக்கும் `ஸ்கில்' கணக்கு!

மறுபடியும் ஸ்கில் ட்ரீயில் கைவைத்திருக்கிறது பிளிஸ்ஸார்டு நிறுவனம். டயாப்ளோ 4 கேமுக்கான `லார்டு ஆஃப் ஹேட்ரட்' என்ற விரிவாக்கத்தை 2025 டிசம்பரில் அறிவித்தபோதே, எல்லா கிளாஸ்களின் ஸ்கில் ட்ரீயும் மாற்றியமைக்கப்படும் என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு வந்ததுமே ரசிகர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ``அப்பாடா, இப்பவாச்சும் செஞ்சாங்களே'' என்று ஒரு கூட்டம். ``நல்லா போய்ட்டு இருக்கறதை ஏன் கலைக்கறீங்க?'' என்று இன்னொரு கூட்டம்.

ஒரு கேமில் ஸ்கில் பாயின்ட் எங்கே போடுவது என்பதற்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ஆனால், ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி ஆடுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். அது அவர்கள் செலவழித்த நேரத்தின் கணக்கு. சில கேம்களில் பணத்தின் கணக்கும்கூட. ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கணக்கை நிறுவனம் எப்படி மாற்றி எழுதியது, அதில் யாருக்கு லாபம்... கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புத்தகம் கிடைச்சா மந்திரம்!

1997-ன் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த முதல் டயாப்ளோவில் ஸ்கில் ட்ரீ என்ற ஒன்றே கிடையாது. வாரியர், ரோக், சோர்சரர் என்று மூன்றே கேரக்டர்கள். மந்திரம் கற்றுக்கொள்ள வேண்டுமா? அதற்கான புத்தகம் கையில் கிடைக்க வேண்டும். அதே புத்தகம் இன்னொன்று கிடைத்தால், படித்து மந்திரத்தின் லெவலை ஏற்றிக்கொள்ளலாம்.

மேஜிக் பாயின்ட் போதுமான அளவு இருந்தால், கத்தி தூக்கிக்கொண்டு திரியும் வாரியரும் நெருப்புப் பந்து வீசலாம். என்ன, அவருக்கு மேஜிக் பாயின்ட்டின் உச்சவரம்பு குறைவு. அதனால் சோர்சரர் அளவுக்கு மிரட்ட முடியாது. ஆக, உங்கள் கேரக்டர் எப்படி வளரும் என்பதில் பாதி உங்கள் கையில், மீதி எந்தப் புத்தகம் கண்ணில் படுகிறது என்ற அதிர்ஷ்டத்தின் கையில்.

600-ல் 110 தான் உங்களுக்கு!

2000-ம் ஆண்டு ஜூனில் வந்த டயாப்ளோ 2 இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாக 30 ஸ்கில்கள். அவை மூன்று ட்ரீக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. லெவல் ஏறும்போதெல்லாம் ஒரு பாயின்ட்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கில்லில் அதிகபட்சம் 20 பாயின்ட் போடலாம். 30 ஸ்கில்களையும் நிரப்ப 600 பாயின்ட் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பதோ லெவல் 99 வரை போனால் 98, குவெஸ்ட்களில் இருந்து 12, மொத்தமே 110. அதாவது, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றை விட்டே ஆக வேண்டும். `நான் பனி சோர்சரஸ்', `நான் எலும்பு நெக்ரோமேன்சர்' என்று ரசிகர்கள் தங்கள் கேரக்டருக்கு அடையாளம் கொடுத்துப் பேசியது இதனால்தான்.

சரி, தப்பா போட்டா? அவ்ளோதான். போட்டது போட்டதுதான். திரும்ப எடுக்கவே முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், தப்பு செய்துவிட்டோம் என்பதே ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். நெருப்பை மட்டும் நம்பி வளர்த்த சோர்சரஸ் ஆரம்பத்தில் எல்லாரையும் பொசுக்கித் தள்ளுவார். கடைசி கட்டமான `ஹெல்' வந்ததும் நெருப்பு துளியும் பாதிக்காத எதிரிகள் வந்து நிற்பார்கள். அதற்குள் பல வாரங்கள் ஓடியிருக்கும். தினமும் ஒரு மணி நேரம்தான் ஆட முடியும் என்கிற ஒருவருக்கு, 40 மணி நேர கேரக்டர் வீணானால் அது 40 நாள்.

பயந்துபோன பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த பாயின்ட்களைச் செலவே செய்யாமல் சேர்த்துவைத்தார்கள். உயர்ந்த ஸ்கில்கள் லெவல் 24, 30-ல்தான் திறக்கும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு சாதாரணத் தாக்குதல்களோடு ஓட்டினார்கள். சுதந்திரமாக விளையாடக் கொடுத்த பாயின்ட், உண்டியல் காசு மாதிரி ஆகிவிட்டது.

விதி மாறலாம்... நீங்க மாறக் கூடாது!

2003-ல் வந்த 1.10 அப்டேட் இன்னொரு குண்டைப் போட்டது. `சினெர்ஜி' என்ற புது விதியின்படி, ஒரு ஸ்கில்லில் போட்ட பாயின்ட் அதோடு தொடர்புடைய வேறொரு ஸ்கில்லுக்கும் பலம் கொடுக்கும். யாருமே சீண்டாத ஆரம்ப லெவல் ஸ்கில்களுக்கு மரியாதை வந்தது. நல்ல யோசனைதான்.

ஆனால், பழைய விதியை நம்பிப் பாயின்ட்களைப் பரப்பிப் போட்டு வைத்திருந்தவர்கள் நிலை? நிறுவனம் விதியை மாற்றிவிட்டது. ஆடுகிறவர் தன் முடிவை மாற்ற முடியாது. பாயின்ட்களைத் திரும்பப் பெற்று மறுபடி போடும் `ரீஸ்பெக்' வசதி வந்தது 2010-ல், 1.13 அப்டேட்டில்தான். கேம் வெளியாகி கிட்டத்தட்ட 10 வருடம் கழித்து! அதுவும் ஆரம்ப குவெஸ்ட்டை முடித்தால், ஒவ்வொரு கடின நிலைக்கும் ஒரு முறைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் அரிய பொருள்களைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

எல்லாமே ஃப்ரீ... அப்ப என்ன ஸ்பெஷல்?

2012 மே மாதம் வந்த டயாப்ளோ 3, இந்த பயத்தை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டது. ஸ்கில் பாயின்ட்டே கிடையாது. லெவல் ஏற ஏற எல்லா ஸ்கில்லும் தானாகத் திறக்கும். அதில் ஆறு ஆக்டிவ் ஸ்கில், மூன்று பாஸிவ் ஸ்கில் என்று பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு ஆக்டிவ் ஸ்கில்லுக்கும் ஐந்து `ரூன்'கள். அவை அந்த ஸ்கில் வேலை செய்யும் விதத்தையே மாற்றும். பிடிக்கலையா? மாத்திக்கோங்க. காசு வேண்டாம், கெஞ்ச வேண்டாம்.

கேட்க நல்லாத்தானே இருக்கு? இருந்தது. புதிதாக வந்தவர்கள் பயமில்லாமல் எல்லாவற்றையும் முயற்சி செய்து பார்த்தார்கள். ஆனால், பழைய ரசிகர்களுக்கு ஏதோ குறைந்தது. உங்களிடம் இருக்கும் லெவல் 60 பார்பேரியனும், உங்கள் நண்பரிடம் இருக்கும் லெவல் 60 பார்பேரியனும் அடிப்படையில் ஒரே ஆள். அதே கிளாஸில் இன்னொரு கேரக்டர் வளர்க்கக் காரணமே இல்லை.

இது டிசைனர்களுக்கும் தெரிந்தே இருந்தது. உச்ச லெவலில் வலுவான எதிரிகளை வீழ்த்தினால் `நெஃபாலம் வேலர்' என்ற போனஸ் சேரும். நடுவில் ஸ்கில்லை மாற்றினால் அந்த போனஸ் போய்விடும். எல்லாம் இலவசம் என்று சொன்ன கையோடு, தேர்வுக்கு ஒரு சின்ன விலையையும் வைத்தார்கள்.

ஸ்கில் எல்லாருக்கும் சமம் என்றால், பலம் எங்கே இருக்கும்? ஆயுதத்திலும் கவசத்திலும்தான். அந்தப் பொருள்களை நிஜப் பணத்துக்கு விற்கவும் வாங்கவும் ஏலக்கூடம் ஒன்றை கேமுக்குள்ளேயே பிளிஸ்ஸார்டு திறந்திருந்தது. எதிரியை அடித்துப் பொருள் எடுக்கும் கேமில், கடையில் வாங்குவதே எளிய வழி ஆகிப்போனது. கடைசியில் 2014 மார்ச்சில் அதை மூடினார்கள். பிறகு வந்த செட் கவசங்கள் குறிப்பிட்ட சில ஸ்கில்களின் பலத்தை ஆயிரக்கணக்கான சதவிகிதம் ஏற்றின. எந்த செட் கிடைக்கிறதோ அதற்கேற்ற ஸ்கில்லைத்தான் போட முடியும். மெனுவில் எல்லா ஸ்கில்லும் திறந்தே இருந்தன. எதைப் போடுவது என்பதை மட்டும் கவசம் முடிவு செய்தது.

திரும்பி வந்த மரம்

2023 ஜூனில் வெளியான டயாப்ளோ 4, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடியது. ஸ்கில் ட்ரீ திரும்பி வந்தது. வெளியானபோது மொத்தம் 58 பாயின்ட். தப்பு செய்தால் கேமில் சேர்த்த தங்கத்தைக் கொடுத்துப் பாயின்ட்டைத் திரும்பப் பெறலாம். லெவல் ஏற ஏற அந்த விலையும் ஏறும். சின்ன வயசில் தப்பு பண்ணினால் மன்னிப்பு, பெரியவனானதும் அபராதம் என்கிற மாதிரி!

தத்துவம் சரிதான். ஆனால், அடுத்த மாதமே ஒரு சிக்கல். முதல் சீஸனுக்கு முன்னால் வந்த 1.1.0 அப்டேட், கேரக்டர்களின் தாக்கும் பலம், தாங்கும் பலம் இரண்டையும் பரவலாகக் குறைத்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இனி இப்படி ஒரு அப்டேட் வராது என்று நேரலையிலேயே டெவலப்பர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 அக்டோபரில் உச்ச லெவல் 100-ல் இருந்து 60 ஆனது. இப்போது ஸ்கில் ட்ரீயே மறுபடி மாற்றத்துக்கு வந்து நிற்கிறது.

சீஸன் கேம்களின் இயல்பே இதுதான். முன்பெல்லாம் விதிகள் மாற அடுத்த பாகம் வர வேண்டும். இப்போது ஒரே பாகத்துக்குள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. ட்ரீயில் நீங்கள் போட்ட பாயின்ட் அப்படியே இருக்கும். அதன் மதிப்பு மட்டும் அடுத்த அப்டேட்டில் ஏறலாம், இறங்கலாம்.

போட்டிக் கடையிலும் அதே பஞ்சாயத்து

டயாப்ளோ 3 வந்த அடுத்த ஆண்டு, நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் `பாத் ஆஃப் எக்ஸைல்' கேமை இலவசமாக வெளியிட்டது. அதன் பாஸிவ் ட்ரீயில் 1,300-க்கும் மேற்பட்ட புள்ளிகள். பார்த்தால் நட்சத்திர வரைபடம் மாதிரி இருக்கும். ஒரு பாயின்ட்டைத் திரும்பப் பெற `ஆர்ப் ஆஃப் ரிக்ரெட்' என்ற பொருள் அப்போது தேவைப்பட்டது. பெயரிலேயே வருத்தம்!

2024 டிசம்பரில் முன்னோட்டமாக வந்த `பாத் ஆஃப் எக்ஸைல் 2'-வில், தங்கம் கொடுத்தால் பாயின்ட்டை மாற்றலாம் என்று இளகினார்கள். விலை அதிகம் என்று புகார் எழ, சில நாள்களிலேயே குறைத்தார்கள். `அசென்டன்சி' என்ற உபபிரிவை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது என்ற விதியும் 2025-ல் தளர்ந்தது. கடினம் என்பதையே பெருமையாகச் சொல்லும் கேமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது.

அதே நேரம், 2021-ல் புதுப்பித்து வெளியான `டயாப்ளோ 2 ரிசரெக்டட்' அந்தப் பழைய ட்ரீக்களை அப்படியே வைத்துக்கொண்டுதான் வந்தது. அதற்கும் ஆள் இருக்கிறது. கட்டுப்பாடு என்றாலே எல்லோருக்கும் கசக்கும் என்று சொல்ல முடியாது.

கையில் இருக்கும் போனில்...

2022-ல் மொபைலுக்கு வந்த `டயாப்ளோ இம்மார்ட்டல்' கதை வேறு. ஒரு அடிப்படைத் தாக்குதல், நான்கு ஸ்கில்கள். எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம். தப்பான பாயின்ட் என்ற பேச்சே இல்லை. ரொம்ப தாராளம்!

ஆனால், கேரக்டரின் பலத்தைப் பெரிதாக ஏற்றுபவை `லெஜண்டரி ஜெம்'கள். அவற்றில் உயர்ந்த தரத்தை எட்ட, அதிர்ஷ்டத்தைச் சார்ந்த வழியில் நிஜப் பணம் கொட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் அப்போது எழுந்த பெரிய விமர்சனம். `லூட் பாக்ஸ்' விதிகள் கடுமையாக இருக்கும் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அந்த கேம் வெளியாகவே இல்லை.

இந்த வரிசையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். டயாப்ளோ 2-வில் தப்பான முடிவுக்கான விலை நேரம். டயாப்ளோ 4-ல் கேம் தங்கம். இம்மார்ட்டலில் முடிவுக்கு விலையே இல்லை, பலத்துக்கு விலை உண்டு. அதனால், `ஸ்கில்லை இலவசமாக மாற்றலாம்' என்று ஒரு கேம் சொன்னால், அடுத்த கேள்வியாக இதைக் கேளுங்கள்: பலம் எங்கிருந்து வருகிறது?

எது நியாயம்?

ஆரம்ப கட்டத்தில் ரீஸ்பெக் இலவசமாக இருக்க வேண்டும். கேமையே புரிந்துகொள்ளாத ஒருவரை, புரியாமல் எடுத்த முடிவுக்காக 40 மணி நேரம் தண்டிப்பதில் எந்த சுவாரஸ்யமும் இல்லை. தண்டனைக்குப் பயந்து என்ன செய்வார்? இணையத்தில் யாரோ போட்ட `பெஸ்ட் பில்ட்' வீடியோவைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பார். அப்புறம் அந்தத் தேர்வு அவருடையதே இல்லை.

உச்ச கட்டத்தில் கொஞ்சம் விலை இருப்பது தப்பில்லை. `இது என் கேரக்டர்' என்ற உணர்வு வருவதே, எதையோ விட்டுக்கொடுத்து இதை எடுத்தோம் என்பதில்தான்.

ஆனால், ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. விதியை நிறுவனம் மாற்றினால், அதற்கான செலவை ஆடுகிறவர் தலையில் கட்டக் கூடாது. அப்டேட் வந்த அன்றே எல்லாருக்கும் ஒரு இலவச ரீஸ்பெக். 2003-ல் பாயின்ட் போட்டுவிட்டு 2010 வரை காத்திருந்தவர்களுக்குக் கிடைக்காத நியாயம் அது.

புது சீஸன், புது ட்ரீ என்று அடுத்த விளம்பரம் உங்கள் போனில் எட்டிப் பார்க்கும்போது, காசு கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். தப்பை மாற்ற என்ன செலவாகும்? பலம் ஆட்டத்தில் கிடைக்கிறதா, கடையில் கிடைக்கிறதா? போன அப்டேட்டில் எதையாவது குறைத்தபோது ஆடுகிறவர்களுக்கு என்ன ஈடு கொடுத்தார்கள்? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், தாராளமா பாயின்ட் போடுங்க!