கரைமேற் பயிலும் கயாக்குப் பயிற்சி

நீரில் இறங்காமல் நீச்சல் வாராது என்பர் உலகோர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதும் அவர் கூற்றே. இவ்விரண்டினையும் எடுத்தாண்டு, செயலுக்கு முன்னர்ச் செய்யும் பயிற்சியனைத்தும் வீண் விளையாட்டென எள்ளுவோர் பலர். இம்மொழிகளில் உண்மை இல்லையென நாம் கூறோம்; ஆயினும் அவ்வுண்மை பாதியே என்பது நம் துணிபு. கிரீன்லாந்து மக்களின் கயாக்குத் தொழிலே இதற்குத் தக்க சான்றாகும்.

கயாக்கு என்பது மரச்சட்டத்தின்மீது கடல்நாயின் தோலைப் போர்த்துச் செய்த, ஒருவரே அமர்தற்குரிய ஒடுங்கிய வேட்டை ஓடம். அதன் மேற்பாகம் மூடப்பட்டிருக்கும். நடுவே ஆள் புகுமளவு வாயொன்று உண்டு. வேடன் தன் தோலங்கியின் விளிம்பை அவ்வாயின் வளையத்தில் நீர் புகாவண்ணம் பிணித்துக்கொள்வான். ஆகவே, ஓடம் கவிழுமாயின் அவனும் உடன் கவிழ்ந்து, உறைபனி போலும் நீரில் தலைகீழாய்த் தொங்குவான். வெளியேறி நீந்துவோமெனின், அக்குளிர் சிறிது பொழுதில் உயிரைக் கவர்ந்துவிடும். ஓடத்தை விட்டகலாது, துடுப்பின் துணையால் புரண்டெழுவதொன்றே உய்யும் வழி. மொரேவிய சபையைச் சார்ந்த டேவிட் கிரான்ட்ஸ் என்பார் 1765-இல் வெளியிட்ட கிரீன்லாந்து வரலாற்றில் இவ்வித்தையின் பயிற்சிகளைப் பத்து வகையாக விவரித்துள்ளார்.

இத்துணை அருந்தொழிலுக்கு அம்மக்கள் நிலத்திலும் ஒரு பயிற்சி வகுத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. கம்பங்களுக்கிடையே இறுகக் கட்டிய கயிறுகளைப் பற்றி, உடலை முறுக்கியும் சுழற்றியும் தலைகீழாய்த் தொங்கியும் எழுவர். தோளும் இடையும் இதனால் உரம் பெறும். தலைகீழ் நிலையும் பழக்கமாகும். 1985-இல் தோன்றிய கான்னாத் கத்துஃபியாத் என்னும் கிரீன்லாந்துக் கயாக்குச் சங்கம் நடத்தும் போட்டிகளில், நீரிற் புரண்டெழுதலோடு இக்கயிற்று வித்தையும் இடம் பெறுகின்றது.

நிலத்திற் பயில்வதால் விளையும் பயன் யாது? கவிழ்ந்தவன் மனம் முதலில் நாடுவது மூச்சை. ஆதலின் தலையையே முதலில் உயர்த்த முனைவான். அதுவே பெரும் பிழை. நீருள் இருக்கும்வரை உடலின் பாரத்தை நீர் தாங்கும். தலை வெளிப்பட்டதும் அதன் பாரம் முழுதும் துடுப்பின்மேல் விழும். இடுப்பைத் திருப்பி ஓடத்தை முதலில் நிமிர்த்தி, உடலைத் தொடரச் செய்து, தலையை இறுதியில் எழுப்புதலே முறை. இயல்பூக்கத்திற்கு மாறான இவ்வொழுங்கை, மூச்சடைத்து நிற்கும் அந்நொடியில் ஆராய்ந்தறிதல் இயலுமா? புல்தரையில் ஓடத்தை ஒருக்களித்து வைத்து, ஆசிரியர் அருகிருந்து திருத்த, நூறு முறை மெல்லச் செய்து பார்த்தவனுக்கே அது உடலின் வழக்கமாகும். தரையில் மூச்சுக்குக் குறைவில்லை. பிழை செய்யவும் திருத்திக்கொள்ளவும் அங்கே பொழுதுண்டு.

இனி, மறுதரப்பாரின் வாதத்தையும் நோக்குவோம். தரையில் குளிரில்லை, நாசியில் நீர் ஏறுவதில்லை, மேல் எது, கீழ் எது என்னும் மயக்கமும் இல்லை. துடுப்பின் அலகு சாய்வு தவறினால் நீரில் அமிழ்ந்துவிடும். கெட்டித் தரையோ அத்தவற்றை மறைத்துவிடும். எனவே, நிலப்பயிற்சியோடு நின்று தம்மை வல்லாரெனக் கருதுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்பவராவர். தரைக்குப் பின் ஆழமற்ற அமைதியான நீரும், அருகில் நின்று உதவும் தோழனும், அதன் பின்னரே அலைநீரும் என்னும் வரிசை பிறழலாகாது. அவ்வாறு தேர்ந்தவரும் இறுமாத்தல் ஆகாது. கிரீன்லாந்து மக்களிடமே இவ்வித்தையைக் கற்றுத் தேர்ந்த ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ், 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டின் கீழ்க்கரையில் தனியே வேட்டைக்குச் சென்றார். அவரது கயாக்கு அகப்பட்டது, உடல் அகப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 25. பயிற்சி ஆபத்தைக் குறைக்குமேயன்றி அகற்றாது.

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் என்று நகைப்பவர்க்கு மற்றொருவரைக் காட்டுவோம். ஆஸ்திரிய நாட்டினரான எடி ஹான்ஸ் பவ்லாட்டா, துருவப் பயணிகள் எழுதிய நூல்களைப் படித்து, தாமே முயன்று, 1927-இல் கயாக்கிற் புரண்டெழக் கற்றார். இவ்வித்தையில் தேர்ந்த முதல் ஐரோப்பியர் என அவரைக் கூறுவர். ஏட்டிற் கண்டதை அவர் ஏட்டோடு விட்டிலர், நீருக்குக் கொண்டுசென்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதெனினும், ஏட்டறிவு விதையாக உதவியது.

ஆகவே நண்பர்களே, கயாக்கு ஓட்ட விரும்புவோர் முதலிற் கரையிற் பயில்வதைக் கண்டு நகையாதீர்கள். கரையிலேயே நின்றுவிடும்படி அவர்களை வாழ்த்தவும் வேண்டா. கவிழ்ந்த பின்னர்க் கற்கப் பொழுதில்லை. கவிழுமுன் கற்பதற்கே கரை இருக்கின்றது. இலக்கணமும் கணிதமும் பயிலும் நமக்கும் கல்லூரி அத்தகையதொரு கரையே. இங்கே பிழை செய்தால் திருத்துவார் உளர். கரையை இகழாமலும் நீருக்கு அஞ்சாமலும் நாம் பயில்வோமாக.