மிக்ஸி கெட்டால் யாரும் கேட்காத கேள்வி

இது ஒரு கேமரா கதை. சமையல் குறிப்பு, கோலம் எல்லாம் வருகிற பக்கத்தில் இது எதற்கு என்று தோன்றினாலும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோலமும் வருகிறது.

போன வருஷம் கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் அகல் வரிசையைப் படம் எடுக்கப் போனேன். கைப்பிடிச் சுவர் மேல் வைத்த டிஜிட்டல் கேமராவை என் முழங்கையே தட்டிவிட்டது. லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நேரம். கீழே சிமென்ட் தரை. ஓடிப்போய் எடுத்துப் பொத்தானை அழுத்தினால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், திரையில் 'லென்ஸ் எர்ரர்' என்று எழுத்து, அவ்வளவுதான், அணைந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, முழு அசடு நான்தான்.

அது 2011ல் என் முதல் சீட்டுப் பணத்தில் 7,500 ரூபாய்க்கு வாங்கியது. 14 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம். 2016 மகாமகத்தைப் பார்த்த கேமரா. மார்கழி முப்பது நாளும் எங்கள் தெருக் கோலங்களை வருஷா வருஷம் அதில்தான் எடுத்து ஆல்பம் போட்டு வைத்திருக்கிறேன். திருச்சியில் ரிப்பேர் பார்ப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் செட்டே மாத்தணும்மா, புது பார்ட்ஸ் வர்றதில்லை. வேற உடைஞ்ச கேமராவிலேர்ந்து எடுத்துப் போட்டா 4,000 ஆகும், எத்தனை நாள் ஓடும்னு சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாமல் சொன்னாரே என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பட்டிமன்றம். என் வீட்டுக்காரர், "ஏம்மா, கையில ஃபோன் இருக்கே, இப்ப கேமரா எதுக்கு?" என்றார். கொழுந்தனார், "வாங்கறதுன்னா நல்லதா வாங்குங்க அண்ணி, சும்மா சின்ன கேமரா வேண்டாம்" என்று லென்ஸ் மாற்றுகிற ஒன்றைக் காட்டினார். லென்ஸோடு 70,000 ரூபாய்! மாமியார், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குடியம்மா" என்றார். அவரவர் கருத்தைச் சொல்லியாயிற்று. எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சகோதரிகளே, நம் வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் என்ன நடக்கிறது? "போனா போகுது, இந்தத் தடவை 750 வாட்ஸா வாங்கிடு" என்கிறார்கள். எதற்கு மிக்ஸி, அம்மிதான் இருக்கே என்று யாராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். சட்னி எல்லோருக்கும் வேண்டுமே! எங்கள் வீட்டில் 32 இஞ்ச் டிவியில் ஒரு கோடு விழுந்தது, ஒரே வாரத்தில் 43 இஞ்ச் வந்துவிட்டது. அது தேவையா என்ற பேச்சே எழவில்லை. என் ஒருத்திக்கு மட்டும் உதவுகிற பொருள் உடைந்தால்தான் 'எதுக்கு' என்ற கேள்வி வருகிறது.

சரி, ஃபோன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நியாயமும் இருக்கிறது. உலகமே அப்படித்தான் போய்விட்டது. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010ல் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023ல் அது 80 லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. மிச்சம் பேர் எல்லாம் ஃபோனிலேயே எடுத்துக்கொள்கிறோம். பக்கத்தில் நின்று பேரன் முகத்தை எடுக்க அது போதும், நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஃபோன் என்னுடையதா? அதில்தான் கேஸ் சிலிண்டர் ஓடிபி, பையனின் பரீட்சைப் பாடம், இவர் ஆபீஸ் குழு, நாத்தனார் அனுப்பும் காலை வணக்கம் எல்லாம். 'இடம் இல்லை' என்று அது கத்தினால் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் எதையாவது அழித்துவிடுவார்கள். 2018ல் இவர் பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கி வந்தார். நல்ல விலை கிடைத்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். அதில் இருந்த படங்களை எடுத்து வைத்தீர்களா என்றேன். முழித்தார். அதற்கு முந்தின வருஷம்தான் என் அம்மா காலமாகியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசிய ஒரு சின்ன வீடியோவும் அதோடு போனது. இவர் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். இன்றுவரை அதைச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். நானும் அதிகம் சொல்வதில்லை. ஆனால் 2016 தீபாவளிக்கு அம்மா கங்கா ஸ்நானம் முடித்து ஈரத்தலையோடு சிரித்த படம் இருக்கிறது. அது கேமராவில் எடுத்தது. என் கேமராவை வேறு யாரும் தொட மாட்டார்கள், அதனால் பிழைத்தது.

ஆகவே கேமரா வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே மாதிரி வாங்குவதா, ஒரு படி மேலே போவதா என்பதுதான் குழப்பம்.

நான் என்ன செய்தேன் என்றால், பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அக்கா மகளோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு ஜூம், எத்தனை வெளிச்சத்துக்கு எடுத்தது என்ற விவரம் உள்ளேயே பதிவாகி இருக்குமாம், அவள் காட்டித்தான் தெரியும். நன்றாக வந்ததை விட்டுவிட்டு, கெட்டுப்போன படங்களை மட்டும் பார்த்தோம். இரண்டே ஜாதி. ஒன்று, தாராசுரம் கோவிலில் உயரத்தில் இருக்கிற சிற்பங்கள். 5 மடங்கு ஜூம் எட்டவில்லை. இன்னொன்று மார்கழிக் கோலம். விடியற்காலை ஐந்து மணி இருட்டில் ஃப்ளாஷ் போட்டால் கோல மாவு வெள்ளையாகத் தெறித்து இழை தெரியாமல் போகும். போடாவிட்டால் கை ஆடிப் புள்ளியெல்லாம் வால் முளைத்த மாதிரி வரும். ஃபோனிலும் முயன்று பார்த்தேன். அது இருட்டையே காணாமல் அடித்துவிடுகிறது. ஐந்து மணிக் கோலம் பத்து மணிக் கோலம் மாதிரி ஆகிவிட்டது. வாசல் விளக்கு மஞ்சளும் பனியும் எங்கே?

கடைக்காரர்கள் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. அதில் நாம் ஏமாறக் கூடாது. 4க்கு 6 இஞ்ச் படம் தெளிவாகப் பிரிண்ட் போட இரண்டேகால் மெகாபிக்சல் இருந்தால் தாராளம். சுவரில் மாட்டுகிற 8க்கு 12க்குக் கூட 9 போதும். என் பழைய கேமராவிலேயே 14 இருந்தது! அப்படியானால் இருட்டில் ஏன் சொதப்பியது? உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் என்ற தகடு சுண்டு விரல் நகத்தை விடச் சின்னது. முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்க டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். '1 இஞ்ச்' என்று ஒரு சென்சார் வருகிறது. நிஜத்தில் ஒரு இஞ்ச் கிடையாது, 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். (எந்தக் கடையில் இப்படி அளந்தாலும் நாம் விடுவோமா?) ஆனாலும் பழையதைப் போல நாலு மடங்கு பரப்பு.

கொழுந்தனார் காட்டியதில் இதை விடவும் பெரிய சென்சார், உண்மைதான். ஆனால் அதோடு வருகிற லென்ஸில் சிற்பம் எட்டாது. தூரத்துக்குத் தனி லென்ஸ், அதற்குத் தனி விலை. கோவிலில் கூடையையும் வைத்துக்கொண்டு நான் லென்ஸ் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அவருக்குப் பிடித்ததை என்னை வாங்கச் சொல்கிறார், பாவம்.

அதே மாதிரி சின்ன கேமராவே வாங்கலாம் என்றால் அதில் இன்னொரு வேடிக்கை. காலேஜ் பெண்கள் இப்போது பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம், படம் 'பழசு மாதிரி' வருகிறதாம்! அதனால் பழசுக்கும் விலை ஏறிவிட்டது. "சித்தி, உங்க கேமரா உடையாம இருந்தா நானே கேட்டிருப்பேன்" என்கிறாள் அக்கா மகள்.

கடைசியில் சென்னையில் ஒரு கடையில், ஒருவர் உபயோகித்த கேமரா, 1 இஞ்ச் சென்சார், 16 மடங்கு ஜூம், கழற்றாத லென்ஸ், 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். சீட்டில் 18,000, மீதி இரண்டு மாதம் ரவிக்கை தைத்தது. யாரிடமும் கேட்கவில்லை. பழையது வாங்குகிற சகோதரிகள் இதை மட்டும் பாருங்கள். உங்கள் மெமரி கார்டைக் கொண்டு போய்ப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கிச் சத்தம் கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று கேட்காமல் காசை நீட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசியில் போடாதீர்கள், தூசிதான் மிச்சம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முக்கால் கிலோவுக்கு மேல் கனம். பழையது புடவைக் கொசுவத்திலேயே செருகிக்கொள்ளலாம், இதற்கு ஒரு பை தூக்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் அதை எடுத்தாலே எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். பழைய கேமராவில் கிடைத்த அந்த இயல்பான சிரிப்பு இன்னும் எனக்கு இதில் கிடைக்கவில்லை. 4,000 கொடுத்து ரிப்பேரே செய்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். போன வாரம் தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையில் சேர்ந்த சிற்பத்தை எடுத்தேன். உளி பட்ட கோடு தெரிகிறது. அதைப் பார்த்ததும் இவர், "இது நம்ம ஃபோன்ல வராதுல்ல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

உடைந்த கேமராவைத் தூக்கிப் போட மனசில்லை. அதன் கார்டை மட்டும் எடுத்து, படங்களை இரண்டு இடத்தில் பிரதி செய்துவிட்டு, பீரோவில் அம்மாவின் அரக்குப் பட்டு மடிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்