காருக்கு 45 லட்சம்... ரிப்பேருக்கு?

பேட்டரி டவுன் ஆகி நின்ற வண்டியைக் கல்மண்டபம் மெக்கானிக் அரை மணியில் கிளப்பிவிடுவார். சொகுசு மின்சாரக் காரில் அது நடக்குமா?

ஹூண்டாய் ஐயானிக் 5-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் 44.95 லட்ச ரூபாய் அறிமுக விலையில் வந்தது. 2024 ஜூனில் 1,744 கார்களை நிறுவனமே திரும்ப அழைத்தது. காரணம், சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் 'ஐ.சி.சி.யூ.' என்ற பெட்டி. அது கெட்டால் 12 வோல்ட் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி வழியில் நின்றுவிடலாம்!

ரீகாலில் செலவு கம்பெனியுடையது. சரி, வாரண்டி முடிந்த பிறகு? பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்க வெளியே ஆளில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் விலை. கார் விலையைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் தலையில்தான் அது விடியும்.

மின்சாரக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பெரிய பெட்ரோல் கார்களுக்கோ 40. இந்தச் சலுகை பொதுப்பணம். பதிலுக்கு, உதிரி பாக விலையை வெளியிடு, வெளி மெக்கானிக்குகளுக்கும் பயிற்சியும் கருவியும் கொடு என்று அரசு கேட்கலாமே? 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது. இணையதளம் போதாது, சட்டம் வேண்டும். உயர் மின்னழுத்தம் ஆபத்துதான். அதனால்தான் பயிற்சி என்கிறோம். இல்லாவிட்டால் கல்மண்டபம் மெக்கானிக்குக்கும் வேலை போகும், வாங்கியவர் பர்ஸும் காலியாகும்.