அறைவீடு இல்லாதவரின் ஜெபம்



2009-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தாராவியில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார்கள். "அண்ணா, அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் பிரசங்கித்தார்களே, எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. மாமியார், அவர், மூன்று பிள்ளைகள். நான் எந்தக் கதவைப் பூட்டுவது?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆயினும் என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, "நெகேமியாவை வாசியுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நெகேமியா எனக்கு மிகவும் பிடித்தமானவர். நம்மைப்போலவே சொந்த ஊரை விட்டுத் தூரத்துப் பட்டணத்தில் வேலை பார்த்தவர். சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர். ஒருநாள் அவருடைய முகவாட்டத்தைக் கண்ட அர்தசஷ்டா ராஜா, அவர் விரும்புவது என்ன என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தம்முடைய பதிலுக்கும் இடையே, நின்ற நிலையிலேயே நெகேமியா ஜெபித்துவிடுகிறார். முழங்கால்படியிடவில்லை, சத்தமிடவில்லை. அந்த ஜெபத்தின் வார்த்தைகள்கூட வேதத்தில் எழுதப்படவில்லை. கூட்டத்திலும் வேலையிலும் சிக்கியிருக்கும் நமக்கு இதைவிட ஆறுதலான முன்மாதிரி உண்டோ என்று நான் பல ஆண்டுகள் போதித்துவந்தேன்.

அப்படியே ஜெபித்தும் வந்தேன். கோட்டைப் பகுதியிலுள்ள அலுவலகத்திற்குப் போகும் லோக்கல் ரயிலில், நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம். சயானில் ஏறியதும் ஸ்தோத்திரம். மாட்டுங்கா வந்தால் பிள்ளைகளுக்காக; தாதரில் நெரிசலுக்குள் சபைக்காக; பரேலில் வியாதியஸ்தருக்காக; சின்ச்போக்லியில் திருநெல்வேலியிலிருக்கும் தாய் தகப்பனுக்காக. மஸ்ஜித் வந்தால் ஆமென். இந்த ஒழுங்கைப்பற்றி எனக்குள் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வீட்டில் குடும்ப ஜெபம் நின்று இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. மனைவி நினைவூட்டும்போதெல்லாம், "நான்தான் ரயிலில் ஜெபிக்கிறேனே" என்பேன்.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு பிற்பகல் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. என் தகப்பனார் பக்கவாதத்தால் விழுந்துவிட்டார்கள். ஒலிவாங்கியை வைத்துவிட்டு, மேஜையின்மேல் தலையைக் கவிழ்த்து ஜெபிக்க முயன்றேன். மாட்டுங்கா, தாதர், பரேல் என்று நிலையங்களின் பெயர்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆண்டவரிடம் பேச ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்நிய பாஷையில் மணிக்கணக்காகத் துதித்த நாட்களும் எனக்கு உண்டு. அன்று தாய்மொழியே வரவில்லை.

இரவில் வீடு சேர்ந்தேன். என் மனைவி பாத்திரங்களுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் முழங்கால்படியிட்டு ஜெபித்தாள். அப்பா சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரை, என் தங்கையின் திருமணத்துக்காக அவர் வாங்கி இன்னும் தீராத கடன், அதை என்னிடம் சொல்லக்கூடாதென்று அவர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவள் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னபோதுதான் அவற்றையெல்லாம் நான் முதன்முறையாக அறிந்தேன். "நீ எப்போது ஜெபிக்கிறாய்?" என்று கேட்டேன். "தண்ணீர் வரும்போது" என்றாள். எங்கள் சாளில் குழாய்த் தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வரும். டிரம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவள் குழாயருகே ஜெபத்தில் இருப்பாளாம். நான் அவ்வேளையில் ஆறு ஆண்டுகளாக நன்றாக உறங்கியிருக்கிறேன்.

ஊருக்குப் புறப்பட்ட ரயிலில் நெகேமியாவை மறுபடியும் எடுத்தேன். நான் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தது 2-ஆம் அதிகாரத்தை. 1-ஆம் அதிகாரத்தில் எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கும் செய்தி அவருக்குக் கிடைத்தது கிஸ்லேயு மாதத்தில். ராஜாவுக்குமுன் நின்றது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். செய்தி கேட்டது முதல் அழுகையும் உபவாசமும் ஜெபமுமாயிருந்த மனிதர் அவர். அந்த நாட்கள் கற்றுக்கொடுத்ததால்தான் ராஜசமுகத்தில் அவருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. நானோ நொடியை மட்டும் வைத்துக்கொண்டு மாதங்களை விட்டுவிட்டேன்.

ரயில் ஜெபம் பொய்யென்று நான் சொல்லவில்லை. இன்றும் அதை விடவில்லை. சிக்னலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஆண்டவரை நினைக்கும் சகோதரனையும் நான் குறைகூறேன். மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபத்திற்கு ஓடிவந்து, மறுநாள் தொடங்கி முப்பது நாளும் வாய் திறவாதிருக்கும் நம் வழக்கம்தான் என்னை அதிகம் கலங்கப்பண்ணுகிறது.

தானியேலையும் பாருங்கள். 120 தேசாதிபதிகளுக்கு மேலான மூன்று பிரதானிகளில் ஒருவர். நம்மில் யாருக்கும் அவ்வளவு வேலை இராது. ஆனாலும் தினம் மூன்று வேளை ஜெபித்தார். எருசலேமை நோக்கிய பலகணிகள் திறந்தேயிருந்தன. சத்துருக்கள் வந்து பார்க்கவும் முடிந்தது. குறித்த வேளையை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் தகப்பனார் ஏழு மாதம் படுக்கையில் இருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சுகத்துக்காகத்தான் ஜெபித்தோம். அந்த ஏழு மாதமும் நாங்கள் இருவரும் குழாயடியில் உட்கார்ந்தோம், இப்போதும் உட்காருகிறோம். எல்லா நாளும் என்று சொன்னால் பொய்யாகும். நான் எழாத நாட்களில் அவள் என்னை எழுப்புவதில்லை. ஒரு காலிக் குடத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு அந்தத் தாராவிச் சகோதரியைத் தேடிப் பார்த்தேன். "அம்மா, உங்கள் சந்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன்.