விருந்துக்குப் போகும்போது ஒரு போத்தல்



இம்முறை வைனைப் பற்றி எழுதுகிறேன். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. இங்கே ஒருவர் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனால் கையில் ஒரு போத்தல் கொண்டுபோவது வழக்கம். அதில் நான் விட்ட பிழையைப் புதிதாக வந்த நீங்களும் விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கு சுவிசில் என்னோடு ஒரே மெசினில் நிற்பவர் இத்தாலிக்காரர், பியேமொண்டே பகுதியைச் சேர்ந்தவர். மனுசி பிள்ளையைக் கூப்பிட நான் அலைந்த நாட்களில் படிவங்களை நிரப்பித் தந்தவர் அவர்தான். அவர் எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது, மலிவானதைக் கொண்டுபோனால் மரியாதை இல்லை என்று நினைத்து ஒரு பறோலோ வாங்கினேன். 50 பிராங்! அந்த மாதம் ஊரில் அம்மாவுக்கு அனுப்பிய காசில் அது குறைந்தது.

அவர் போத்தலைப் பார்த்ததும் முகம் மாறினார். "இதற்கு நீ எத்தனை மணித்தியாலம் மெசினில் நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?" என்றார். அடுத்த நாள் இடைவேளையில் ஒரு கடதாசியில் எழுதித் தந்ததை உங்களுக்கும் தருகிறேன்.

பறோலோ: நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது. சட்டப்படி 38 மாதம் வைத்திருக்க வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அந்தக் காத்திருப்புக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை. அதே திராட்சையில், அதே மலைப்பக்கத்தில் வருவது லாங்கே நெபியோலோ. அவ்வளவு காலம் வைத்திருக்கும் கட்டாயம் இதற்கு இல்லை. பெரும்பாலும் பாதி விலைதான்.

புறுனெல்லோ டி மொண்டால்சினோ: அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருடம் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும். அதற்குப் பதில் றொஸ்ஸோ டி மொண்டால்சினோ கேளுங்கள். ஊரும் ஒன்று, சாஞ்சியோவேசே என்ற திராட்சையும் ஒன்று. அடுத்த வருடம் செப்டெம்பரிலேயே விற்கலாம்.

அமறோனே: வெரோனாவுக்குப் பக்கத்தில், திராட்சையை மாதக்கணக்கில் உலரவைத்துப் பிழிவது. உலர்ந்த பழத்தில் சாறு குறைவு, அதனால் விலை கூட. பிழிந்த சக்கையில் சாதாரண வல்பொலிச்செல்லா வைனை விட்டு மறுபடி புளிக்கவைத்தால் றிப்பாஸ்ஸோ. நாங்கள் தேங்காய்ப்பூவில் இரண்டாம் பால் பிழிவதில்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி.

குடிக்காத வீடென்றால் வைனே வேண்டாம். வீட்டில் சுட்ட முறுக்குப் போதும்.

நான் கொடுத்த பறோலோவை அவர் இன்னும் திறக்கவில்லை. நிலவறையில் படுக்கவைத்திருக்கிறார். பென்சன் எடுக்கும் அன்று இருவருமாகத் திறப்போம் என்கிறார். இப்போது அவர் வீட்டுக்குப் போகும்போது நான் கொண்டுபோவது லாங்கே நெபியோலோ. அம்மாவுக்குப் போகும் காசும் குறைவதில்லை.