மூன்று மணி நேரத்தின் விலை

அரசாங்கச் சேவையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் இரண்டு எண்களுக்குப் பதில் சொல்லட்டும்: 42, 45. மலேசிய அரசு ஊழியர்களுக்கான புதிய சம்பள முறையான எஸ்எஸ்பிஏ, 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடவே, அரசு மருத்துவமனைத் தாதியரின் வார வேலை நேரம் 42 மணியிலிருந்து 45 மணியாகும் என்ற உத்தரவும் வந்தது. தாதியர் சங்கம் எதிர்த்து நின்றது; அமலாக்கம் ஒத்திப்போடப்பட்டது, பிறகு மீண்டும் ஒத்திப்போடப்பட்டது. அதற்காக நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பள உயர்வுத் திட்டத்தோடு சேர்த்தே இப்படியோர் உத்தரவைப் பிறப்பிக்க முடிந்ததே, அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்கு மிக எளியது. முதல் கட்டத்தில் தாதியருக்கான உயர்வு 8 விழுக்காடு. 42 மணியை 45 ஆக்கினால் வேலை நேரம் 7.1 விழுக்காடு கூடுகிறது. ஆக, ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் உயர்வு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. வாரத்துக்கு 3 மணி என்றால் ஆண்டுக்கு 156 மணி. காலை 7 மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, இரவு வேலை பார்த்தவரிடம் ஒவ்வொரு கட்டிலின் நிலவரத்தையும் கேட்டு வாங்கி, பிற்பகல் 2 மணிக்கு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் காலை வேலைமுறை 7 மணி நேரம் கொண்டது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 22 வேலைமுறைகள் கூடுதல். எல்லா அரசு ஊழியருக்கும் 45 மணிதானே என்று சமாதானம் சொன்னார்கள். அலுவலக ஊழியரின் 45 மணியில் மதிய உணவு வேளையும் அடக்கம். வார்டில் ஊசி போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? தாதியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் நிறைந்த ஒரு சேவைப் பிரிவில், ஒரு கையால் உயர்வு கொடுத்து மறு கையால் அதைப் பிடுங்கிக்கொள்ளும் துணிச்சல் எவருக்கும் வந்திராது.

நம் நாட்டில் இந்தப் போராட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம் உண்டு. 1927-இல் ஈப்போவில் பிறந்து, பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960-இல் உருவான பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவரானார். ஒரே பள்ளியில், ஒரே தகுதியோடு, ஒரே பாடத்தை நடத்தினாலும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. சங்கமும், 1963-இல் அமைந்த தேசிய மகளிர் சங்கங்களின் மன்றமும் விடாமல் போராடின. சுஃபியான் சம்பள ஆணையம் பரிந்துரைத்தது. 1969-இல் அரசாங்கம் இணங்கியது. பெரிய வெற்றிதான். ஆனால் அன்று வென்றது 'ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்'. 1997-இல் மலேசியா கையெழுத்திட்டு ஏற்ற அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை அதைவிடப் பெரியதைக் கேட்கிறது: சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். வேலைகள் வெவ்வேறாக இருக்கலாம், மதிப்பு ஒன்றாக இருந்தால் போதும். இது புரியவில்லை என்று சொல்லும் உரிமை பினாங்குக்காரர்களுக்குக் கிடையாது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் 1801-இன் பள்ளிவாசலும், மாரியம்மன் கோயிலும், குவான் யின் கோயிலும், புனித ஜார்ஜ் தேவாலயமும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கின்றன. ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவற்றைச் சமமாக மதிப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன காரியம்.

அந்த மதிப்பீட்டிலிருந்து தப்பிக்கத்தான் குத்தகை முறை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கூட்டிப் பெருக்கிக் கழிப்பறை கழுவும் வேலையை 1990-களிலிருந்தே அரசாங்கம் படிப்படியாகத் தனியார் குத்தகையாளர்களின் கையில் கொடுத்துவிட்டது. அந்த வேலையில் இருப்போரில் கணிசமானோர் பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அரசு ஊழியரின் குறைந்தபட்ச வருமானம், நிலையான படிகளோடு சேர்த்து, 2,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதே நடையில் துடைப்பம் பிடிக்கும் குத்தகைத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதியளிப்பது 1,700 வெள்ளி, அதுவும் 2025 பிப்ரவரியிலிருந்துதான். இதைவிட என்னை வதைப்பது ஆண்டு விடுமுறைக் கணக்கு. வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 8 நாள், ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதன்பின் 16 நாள். குத்தகை கைமாறும்போதெல்லாம் அவர் புதிய முதலாளியின் புதிய ஆளாகிவிடுகிறார். பள்ளி மாறவில்லை, வாளி மாறவில்லை. இருபது ஆண்டு உழைத்தவரின் விடுமுறை மட்டும் 8 நாளுக்கே திரும்புகிறது. 'அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்' என்கிறது அரசாங்கம். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு இனியும் சும்மா இருக்க முடியாது. மக்கள் பணத்தில், அரசுக் கட்டடத்தில், அரசு வகுத்த நேரத்தில் நடக்கும் வேலை அது.

தள்ளிப்போட்ட சமத்துவத்துக்கு என்ன விலை என்பதைப் பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகராட்சி கட்டிக் காட்டியிருக்கிறது. குப்பை அள்ளும் ஆண்களுக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. ஒரே தரத்தில் வைக்கப்பட்ட சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் இருந்த பெண்களுக்கு அது இல்லை. 174 பேரின் வழக்கில் 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் நின்றது. நகராட்சி ஒரு பில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்துத் தீர்த்தும் பாக்கி தீரவில்லை. 2023 செப்டம்பரில் அத்தியாவசியமற்ற புதிய செலவுகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவித்தது; அப்போது மதிப்பிட்ட பாக்கி 650 முதல் 760 மில்லியன் பவுண்டு. கணினி முறைக் கோளாறும் நிதிக் குறைப்பும் சேர்ந்தே அதைச் சாய்த்தன என்பார்கள். இருக்கட்டும், மூட்டையில் மிகக் கனமானது பெண்களுக்குக் கொடுக்காத சம்பளம்தான். கிளாஸ்கோவில் 2018 அக்டோபரில் சுமார் 8,000 பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில மாதங்களிலேயே நகராட்சி 500 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் கொடுத்திருந்தால் மாதாந்தரச் செலவாகப் போயிருக்கும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை. பெண்கள் விரும்பித்தானே இந்த வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். விரும்பிச் செய்வதாலேயே ஒரு வேலை மலிவாகிவிடும் என்றால் நீதிபதிகளின் சம்பளத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும். நம் நாட்டில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 56 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது, ஆண்களுடையது 80-க்கு மேல். படித்த பெண்கள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள் என்று அமைச்சர்கள் வருந்துகிறார்கள். அரசாங்கமே பெண்ணின் மணி நேரத்தை மலிவாக எண்ணும் நாட்டில் தனியார் முதலாளி ஏன் கூடுதலாகக் கொடுப்பார்? பொதுத்துறையில் இதைத் திருத்தினால் மற்ற இடங்களும் தாமாகவே திரும்பும்.

தொடங்க வேண்டிய இடம் பினாங்கு. 2011-இல் மகளிர் மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, அடுத்த ஆண்டே தீவு, செபராங் பிறை ஆகிய இரு நகராண்மைக் கழகங்களிலும் பாலினப் பார்வையோடு வரவு செலவுத் திட்டம் போட்டுப் பார்த்த மாநிலம் இது. தீவின் மாநகர் மன்றத்துக்கு முதல் மேயராக 2015-இல் பதவியேற்றவரும் ஒரு பெண்தான். அதே மாநகர் மன்றம் ஒரு பட்டியலை வெளியிடட்டும்: ஒவ்வொரு பதவியிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, படிகள் உட்பட ஒரு மணி நேரத்துக்குக் கைக்கு வருவது எவ்வளவு. குத்தகைத் தொழிலாளர்களை அதில் விடாமல் சேர்க்கட்டும். அடுத்த துப்புரவுக் குத்தகைக்கு விண்ணப்பம் கோரும்போது, பழைய தொழிலாளியின் சேவை ஆண்டுகளை அப்படியே எடுத்துக்கொள்பவருக்கு மட்டுமே குத்தகை என்று ஒரு வரி எழுதட்டும். அந்த ஒரு வரிக்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.