பாட்டுப் போட்டியின் வாக்கும் ஊரின் கட்டளையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வரும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் கூவாகத்திற்கு வரும். 2022 ஜூலையில் கனியாமூருக்கு வந்தன. 2024 ஜூனில் கருணாபுரத்திற்கு வந்தன. நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்நாட்களில், வீட்டு வாசல்களில் பெண்கள் அழுது அரற்றியது தமிழ்நாடெங்கும் ஒலித்தது. எங்கள் மாவட்டத்து உழைக்கும் மக்களின் குரல் அத்தனை நேரம் தொலைக்காட்சியில் ஒலித்ததை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. கல்வராயன் மலைப் பழங்குடியினரின் பாட்டை இன்றுவரை எந்த அலைவரிசையிலும் கேட்டதில்லை.

களமருதூரிலும் சுற்று ஊர்களிலும் சட்ட உதவிப் பணி செய்யும் எங்களிடம், அண்மையில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு கேள்வியோடு வந்தனர். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நாட்டுப்புறப் பாட்டும் கானாவும் பறையும் இடம்பெறத் தொடங்கிவிட்டனவே, இதை விடுதலையின் ஒரு படியாகக் கொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை தர எங்களால் இயலவில்லை.

விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அது யாருடைய மேடையாக இருந்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். சுதி விலகாமை, கமகம், இராகச் சாயல் ஆகியவையே அளவுகோல்கள். சிறு வயது முதல் பாட்டு வாத்தியாரிடம் அனுப்ப வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த அளவுகோல் வீட்டுப் பொருள். ஆசிரியரே இல்லாத சேரிப் பிள்ளைக்கு அது கோட்டை மதில். 2014இல் முறையான பயிற்சி ஏதுமற்ற திவாகர் வென்றபோது அந்த மதிலில் ஒரு கல் பெயர்ந்தது. 2018இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். அடுத்து வந்த சிறுவர் போட்டியில் பூவையார் கானா பாடி வீடுதோறும் அறிமுகமானார். சென்னைச் சேரிகளின் சாவு வீட்டில் இரவெல்லாம் ஒலித்த கானா, பட்டுச் சட்டை அணிந்த நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டும் பாட்டாயிற்று.

மகிழத்தக்கதே. ஆனால் அந்தப் பாட்டுக்கு என்ன பெயரிட்டு இடம் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘மண்வாசனை’ என்கிறார்கள், ‘கிராமியச் சுற்று’ என்கிறார்கள். ஒரு வாரம் வேட்டி கட்டி, தலைப்பாகை சுற்றிப் பாடியபின் மறுவாரம் மீண்டும் ‘இசை’க்குத் திரும்புகிறார்கள். மற்றவை இசை, இது மட்டும் மண். திண்ணைவரை வரலாம், உள்ளே வரக்கூடாது என்னும் ஊர் வழக்கம் எங்களுக்குப் புதிதன்று.

‘மக்கள் வாக்களிக்கிறார்களே, அது சனநாயகம்தானே’ என்று ஒரு மாணவி வாதிட்டார். இதற்கு இத்தாலியைப் பார்க்கலாம். அங்கு 1951 முதல் ஆண்டுதோறும் நடக்கும் சான்ரேமோ பாட்டுத் திருவிழா, நாடே தொலைக்காட்சி முன் அமரும் நிகழ்வு. 2019இல் எகிப்தியத் தந்தைக்கும் சார்தீனியத் தாய்க்கும் பிறந்த மஹ்மூத் வென்றார். இறுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்த தொலைபேசி வாக்கு 14.1 சதவீதம், அல்டிமோ என்னும் பாடகருக்கோ 46.5 சதவீதம். நடுவர் குழுவும் செய்தியாளர்களும் அளித்த வாக்குகளே மஹ்மூதை உயர்த்தின. அப்போது துணைப் பிரதமராக இருந்த சால்வினி, இதுவா மிக அழகிய இத்தாலியப் பாட்டு என்று கேலியாகப் பதிவிட்டார். 2024இல் நிலை தலைகீழானது. நேப்பிள்ஸ் நகரப் புறஞ்சேரியிலிருந்து வந்த ஜோலியே, தெற்கத்திய வட்டார மொழியிலேயே பாடினார். ஓர் இரவுச் சுற்றில் அவர் வென்றபோது அரங்கில் இருந்தோர் கூச்சலிட்டனர். சிலர் எழுந்து வெளியேறினர். இறுதி இரவில் தொலைபேசி வாக்கில் 60 சதவீதம் பெற்றும் அவருக்கு இரண்டாமிடமே கிடைத்தது.

ஓர் ஆண்டில் சிறுபான்மையினரை நடுவர் குழு காத்தது, பெரும்பான்மை வாக்கு கைவிட்டது. இன்னோர் ஆண்டில் ஏழைப் புறநகரின் பிள்ளையை வாக்கு தூக்கியது, அரங்கு தள்ளியது. ஆகவே நடுவரா மக்களா என்று கேட்பதில் பயனில்லை. நடுவர் நாற்காலியில் யார் அமர்கிறார், வாக்களிக்கும் கை யாருடையது, எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர் யார் என்றே கேட்க வேண்டும். 1932இல் பூனா ஒப்பந்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் முன்பிருந்த கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்ததே: நம் பிரதிநிதியைப் பிறர் வாக்கு தேர்ந்தெடுக்கும்போது அவர் யாருக்குப் பதில் சொல்வார்? பாட்டுப் போட்டியைத் தேர்தலோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின்போது பார்வையாளர்கள் குறுஞ்செய்தி அனுப்பிப் பங்கேற்ற போட்டி தொடர்பாக, 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஸ்டார் இந்தியா, ஏர்டெல் நிறுவனங்களுக்கு 1 கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. பரிசுத்தொகை அந்தக் குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்தே வந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் பின்னர் அந்தத் தீர்ப்பை இரத்து செய்தது. சட்டப்படி அந்த வழக்கு முடிந்தது. எனினும் 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று அறுதியிட்டுக் கூறியிருக்கிறது. பொதுச்சொத்தின் வழியே நடக்கும் போட்டியில் யாருடைய பாட்டு நுழைகிறது என்று கேட்பது பொறாமையன்று, உரிமை.

இனி எங்கள் ஊர்ப்பக்கத்துச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எங்களிடம் வந்தார். தாத்தாவும் தந்தையும் ஊரில் சாவு விழுந்தால் பறையடித்தவர்கள். இவர் பட்டப்படிப்பு முடித்து, கட்டாயச் சாவு மேளத்திற்கு இனி வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். மறுவாரமே குடும்பத்திற்குக் காட்டுவேலை நின்றது; கடையில் பொருள் தர மறுத்தனர். புகார் எழுதச் சென்ற இடத்தில், ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையே கிடைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எச்) கட்டாய உழைப்பையும், 3(1)(இசட்சி) சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்குகின்றன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இவற்றைத் தெளிவாக வகுத்துள்ளது. சட்டப் பிரிவைச் சுட்டி எழுத்துமூலம் மனு அளித்த பின்னரே வழக்குப் பதிவாயிற்று.

எங்களை உறுத்தியது வேறொன்று. அந்த இளைஞர் பறையை வெறுத்தவர் அல்லர். கல்லூரிக் கலைவிழாவில் முதல் பரிசு பெற்ற பறைக்குழுவை வழிநடத்தியவர். அவரைப் புறக்கணித்த தெருவிலேயே, தொலைக்காட்சியில் பறை ஒலித்தால் ஒலியைக் கூட்டிவைக்கிறார்கள் என்றார். மேடையில் கேட்டால் கலை. கட்டளைக்கு மறுத்தால் குற்றம். பறையைத் தூக்கி எறிவதா, ஏந்தி நிற்பதா என்ற விவாதம் நம் இயக்கங்களுக்குள் நெடுங்காலமாக உண்டு. இழிதொழிலைக் கைவிடுங்கள் என்று மகர்களை அழைத்த அம்பேத்கரின் வழியில் எறிந்தவர்களும், 2018 ஜனவரியில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது நிமிர்ந்தவர்களும் நம்மவர்களே. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாங்களும் மகிழ்ந்தோம். எறிவதும் ஏந்துவதும் வாசிப்பவரின் விருப்பமாக இருக்கும்வரை இரண்டும் விடுதலையே. அந்த விருப்பத்தை ஊரும் பறிக்கக்கூடாது, தொலைக்காட்சி நிறுவனமும் பறிக்கக்கூடாது.

நிறுவனம் எப்படிப் பறிக்கும்? பெயரை நீக்கியும் பறிக்கும். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவருக்குத் தனியே இணைய அட்டை வந்தது. சட்டம் இங்கு முழுவதும் ஊமையன்று. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆ பிரிவு, நிகழ்த்துநராகத் தன் பெயர் குறிக்கப்படும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. 38அ பிரிவு வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகைக்கு வழி செய்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் பாடிவந்த பாட்டுக்கு, அச்சமூகத்தை உரிமையாளராக ஏற்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. பாட்டியின் ஒப்பாரி மெட்டை எவரும் எடுத்துத் தன் பெயரில் பதிவுசெய்துகொள்ளும் நிலை இன்னும் இருக்கிறது.

எனவே மாணவர்களிடம் நாங்கள் சொன்னது இதுதான். குரல் தேர்வுக்குப் போங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முழுவதும் படியுங்கள், அல்லது எங்களிடம் காட்டுங்கள். பெயர் எங்கெல்லாம் வரும், பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேளுங்கள். ஊரில் முதியவர்கள் பாடும் பாட்டுகளைப் பாடியவர் பெயர், ஊர், நாளோடு இப்போதே பதிந்து வையுங்கள். நாளை வழக்கென்று வந்தால் அதுவே சான்று.

அந்த இளைஞரின் வழக்கு விசாரணையில் இருக்கிறது. சென்ற வாய்தாவிற்கு அவரால் வரமுடியவில்லை. அன்று அவருடைய குழு விழுப்புரத்தில் ஒரு மேடையில் பறை வாசித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மனு போட்டு வாய்தா வாங்கினோம்.